ரோமில் நான்காவது நாள்: கொலோசியத்திலிருந்து இரண்டே ஸ்டேஷன்

கேள்வி: அக்டோபரில் குடும்பத்தோடு நான்கு நாள் ரோம் போகிறோம். கொலோசியம், வாட்டிகன் எல்லாம் மூன்று நாளில் முடிந்துவிடும். நான்காவது நாள் சுற்றுலாக் கூட்டம் இல்லாத ரோமைப் பார்க்க ஆசை. கூட வரும் அம்மாவுக்கு 66 வயது. மெதுவாக நடப்பார், சைவம். எங்கே போகலாம்? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஊரைத் தாண்டி எங்கேயும் போக வேண்டாம். கொலோசியம் வாசலில் மெட்ரோ பி லைனில் ஏறுங்கள். இரண்டாவது ஸ்டேஷன் பிரமிடே. அங்கே இறங்கினால் டெஸ்டாச்சோ, ஓஸ்தியென்சே, கார்பட்டெல்லா என்று மூன்று பேட்டைகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. ரோமுக்கு எண்ணெய், இறைச்சி, கரண்ட் எல்லாம் போனது இந்தப் பக்கத்திலிருந்துதான். பேரரசர்களும் போப்புகளும் வாழ்ந்த ரோமை மூன்று நாள் பார்த்திருப்பீர்கள். நான்காவது நாள், அந்த ரோமுக்குச் சோறு போட்ட ரோமைப் பாருங்கள்.

முதலில் கிழமை. செவ்வாயிலிருந்து சனிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மார்க்கெட் லீவு, திங்கள் மியூசியம் லீவு.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் எதிரே நிஜமாகவே ஒரு பிரமிடு நிற்கும். கேஸ்டியஸ் என்ற ரோமானிய அதிகாரியின் கல்லறை, கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது, சுமார் 36 மீட்டர் உயரம். 330 நாளில் கட்டி முடித்ததாக அதன் மேலேயே பொறித்திருக்கிறார்கள். பின்பக்கம் கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கான கல்லறைத் தோட்டம். ஆங்கிலக் கவிஞர்கள் கீட்ஸ், ஷெல்லி, இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்ஷி மூவரும் அங்கேதான் உறங்குகிறார்கள். நிழலும் பெஞ்சுகளும் உண்டு. அம்மா கொஞ்சம் உட்காரட்டும்.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் குன்றுக்காகத்தான் இந்த நாளையே சிபாரிசு செய்கிறேன். பெயர் மோன்டே டெஸ்டாச்சோ. உயரம் சுமார் 35 மீட்டர், சுற்றி வந்தால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். புல்லும் மரமும் முளைத்திருப்பதால் சாதாரண மேடு மாதிரிதான் தெரியும். வேலி ஓரமாக நின்று, மண் சரிந்த இடத்தைக் கூர்ந்து பாருங்கள். அது மண்ணே இல்லை. கட்டைவிரல் தடிமனில் உடைந்த பானை ஓடுகள், ஒன்றன் மேல் ஒன்றாக, அடி முதல் உச்சி வரை.

ரோமப் பேரரசுக் காலத்தில் ஸ்பெயினிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆலிவ் எண்ணெய் ஆம்போரா என்ற பெரிய மண்ஜாடிகளில் வந்து பக்கத்து ஆற்றங்கரையில் இறங்கும். ஒரு ஜாடியில் சுமார் 70 லிட்டர். எண்ணெய் ஊறிய மண்ஜாடியை எத்தனை தேய்த்தாலும் சிக்கு வாடை போகாது. நம் சமையலறையிலும் தெரிந்த கதைதான். மறுபடி பயன்படாது என்பதால் உடைத்து, வரிசையாக அடுக்கி, நாற்றம் அடங்கச் சுண்ணாம்பு தூவினார்கள். கி.பி. மூன்றாம் நூற்றாண்டு வரை இப்படிச் சேர்ந்தவை ஐந்து கோடி ஜாடிகளுக்கு மேல் இருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஓடுகள் பலவற்றில் எடை, வணிகர் பெயர் எல்லாம் மையால் எழுதியபடியே கிடைத்திருக்கின்றன. குப்பைமேடாக இருந்தாலும் ஒரு பேரரசின் எண்ணெய்க் கணக்கு அதில் இருக்கிறது! அரிக்கமேட்டில் கிடைத்த ஆம்போரா ஓடுகளை எங்காவது பார்த்திருந்தால் இந்தக் குன்றின் முன்னால் சட்டென்று ஒரு சொந்தம் தோன்றும்.

உச்சிக்கு ஏற முன்பதிவு வேண்டும். அம்மாவோடு அது தேவையில்லை. அடிவாரத்தில் குன்றைக் குடைந்து கட்டிய உணவகங்கள் சிலவற்றில் கண்ணாடிச் சுவர் வைத்திருக்கிறார்கள், ஓட்டு அடுக்கு அப்படியே தெரியும்.

குன்றுக்கு எதிரே 1975 வரை நகரத்தின் ஆடுமாடு வெட்டும் கூடம் இருந்தது. இப்போது கலைக்கூடம். நல்ல கறி பணக்காரர் வீடுகளுக்குப் போக, குடலும் வாலும் தொழிலாளிகளுக்கு மிஞ்சின. டெஸ்டாச்சோ சமையல் அதிலிருந்து பிறந்தது. அதனால் சைவம் சாப்பிடுபவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். பக்கத்து மார்க்கெட்டுக்கு மதியம் 1 மணிக்குள் போய்விடுங்கள். தக்காளி மட்டும் தடவிய பீட்சா ரோஸ்ஸா, பூண்டும் மிளகாயும் போட்டு வதக்கிய சிக்கோரியா கீரை இரண்டையும் அம்மா தைரியமாகச் சாப்பிடலாம். சுப்ளி என்ற அரிசி உருண்டையில் பெரும்பாலும் கறி இருக்கும். பெக்கோரினோ சீஸ் ஆட்டுக்குட்டியின் வயிற்று நொதியால் உறைய வைப்பது. கண்டிப்பான சைவம் என்றால் அதையும் தவிர்க்கச் சொல்லுங்கள்.

சாப்பிட்டதும் மறுபடி மெட்ரோ. ஒரே ஸ்டேஷன், கார்பட்டெல்லா. அங்கிருந்து தண்டவாளத்தைத் தாண்டி ஓஸ்தியென்சே பக்கம் சிறிது தூரம் நடந்தால் சென்ட்ராலே மான்டேமார்ட்டினி. 1912இல் திறந்த மின் நிலையம், 1997 முதல் சிற்பக்கூடம். கன்னங்கரேலென்று வீடு உயரத்துக்கு டீசல் எஞ்சின், அதற்கு முன்னால் வெள்ளைப் பளிங்கில் ஒரு தேவதை. வாட்டிகனில் தோளோடு தோள் இடித்துச் சிலை பார்த்தவர்களுக்கு இங்கே ஒரு சிலையோடு பத்து நிமிடம் தனியாக நிற்க முடிவது பெரிய வரம். என்னைக் கேட்டால் ரோமின் மியூசியங்களில் இதற்குத்தான் முதலிடம்.

மாலை 4 மணிக்கு மேல் கார்பட்டெல்லா குடியிருப்புக்குள் நடங்கள். 1920இல் தொழிலாளர்களுக்காகக் கட்டத் தொடங்கியது. நான்கைந்து வீடுகளுக்கு நடுவே ஒரு பொது முற்றம், அதில் துணி உலர்த்தும் கொடிகள், கீழே பேசில் என்ற இத்தாலியத் துளசி, ரோஸ்மேரித் தொட்டிகள். கதவு திறந்திருந்தால் உள்ளே போகலாம், ஆனால் அது மனிதர்கள் வசிக்கும் வீடு. மெதுவாகப் பேசுங்கள், ஆட்களைப் படம் எடுக்காதீர்கள். எதிரே வருபவருக்கு ஒரு ‘புவோனசேரா’ (மாலை வணக்கம்) சொன்னால் முகம் மலரும். மேடு பள்ளம் உண்டு, அம்மாவுக்கு நல்ல பிடிமானமுள்ள செருப்பு அவசியம்.

தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொண்டே இருக்க வேண்டாம். தெருமுனையில் ‘நசோனே’ என்ற இரும்புக் குழாயில் நல்ல குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சின்னத் துளை வழியாக நீர் வளைந்து பாயும், குனியாமல் குடிக்கலாம்.

அப்புறம், இரவு 7.30க்கு முன்னால் பெரும்பாலான உணவகங்களில் அடுப்பு பற்றாது. அம்மாவுக்குச் சீக்கிரம் சாப்பிட்டுப் பழக்கம் என்றால் மார்க்கெட்டிலேயே இன்னொரு துண்டு பீட்சா வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் அதே பி லைன்தான்; டெர்மினி என்ற பெரிய ரயில் நிலையத்தில் கூட்டம் ஏறும்போது பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.