செகண்ட் ஹாண்ட் ஜெட்: சீட்டை பாக்காதீங்க, லாக்புக்கை பாருங்க

கேள்வி: கம்பெனிக்கு ஒரு பெரிய கேபின் ஜெட் தேடுறோம். ரெண்டு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி550 கையில இருக்கு, ரெண்டும் 2008 மாடல். முதல் ஃப்ளைட்ல இன்டீரியர் புத்தம் புதுசு, ஆனா என்ஜின் ப்ரோகிராம் கிடையாது. அடுத்ததுல சீட்டெல்லாம் பழசு, ப்ரோகிராம் இருக்கு, ஆனா விலை கூட. எதை எடுக்கலாம்?

பதில்: பழைய சீட் இருக்கறதை எடுங்க. லெதரும் கார்பெட்டும் காசு கொடுத்தா மாத்திடலாம், ஆனா ஜி550ல இருக்கற ரோல்ஸ் ராய்ஸ் பிஆர்710 என்ஜின் ஒண்ணு ஓவர்ஹாலுக்கு போச்சுன்னா வர்ற பில்லு வேற லெவல், அதுவும் ஒண்ணு இல்ல ரெண்டு என்ஜின். ப்ரோகிராம்னா பறக்கற மணிக்கு இவ்வளவுன்னு கட்டிட்டே வரணும், பெரிய வேலை வந்தா அவங்க பாத்துப்பாங்க. ப்ரோகிராம்ல இல்லாத என்ஜினை பின்னாடி சேர்க்கப் போனா இதுவரைக்கும் ஓடின மணிக்கும் சேர்த்து பெரிய தொகை கேப்பாங்க, அதை முதல் ஃப்ளைட்டோட விலையில கூட்டிட்டு அப்புறம் எது சீப்னு சொல்லுங்க. ரெண்டாவதுலயும் பாக்கி இல்லாம கட்டிருக்காங்களா, உங்க பேருக்கு மாறுமா, ஏபியுவும் (தரையில நிக்கும்போது கரண்ட் கொடுக்கற குட்டி என்ஜின்) அதுல சேர்ந்திருக்கான்னு எழுத்துல வாங்கிடுங்க.

கேள்வி: இன்ஸ்பெக்‌ஷன் இப்போதான் முடிஞ்சதுன்னு செல்லர் சொல்றாரு. நாங்க தனியா வேற செக் பண்ணணுமா?

பதில்: கண்டிப்பா. அதுவும் அந்த ஃப்ளைட்டை இதுவரைக்கும் மெயின்டெயின் பண்ணாத ஷாப்ல. என்ஜினுக்குள்ள போரஸ்கோப் (குட்டி கேமரா வச்ச குழாய்) விட்டு பாக்கணும், துரு இருக்கான்னு பேனலை திறந்து பாக்கணும். கம்மியா பறந்த ஃப்ளைட்னு சொன்னா உடனே மயங்கிடாதீங்க, நிறைய இன்ஸ்பெக்‌ஷன் மணிக்கணக்குல இல்ல மாசக்கணக்குல தான் வரும், சும்மா நின்னாலும் டியூ ஆகும், ரொம்ப நாள் நின்னா சீலும் காயும். முக்கியமா லாக்புக் (பறந்ததும் பண்ணின வேலையும் பதிவாகற புக்கு), ஃபேக்டரியில இருந்து வந்த நாள்ல இருந்து தொடர்ச்சியா இருக்கணும், நடுவுல ஒரு புக்கு காணோம்னா நீங்க விக்கும்போது வாங்க வர்றவன் அதை வச்சே விலையை அடிப்பான் (நீங்களும் இப்போ அடிக்கலாம், ஆனா நான் அந்த ஃப்ளைட் பக்கமே போக மாட்டேன்).

அட்வான்ஸ் செல்லர் கைக்கு போகக்கூடாது, எஸ்க்ரோல (ரெண்டு பேருக்கும் பொதுவான மூணாவது ஆள்கிட்ட) தான் இருக்கணும். இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் பாத்து நீங்க ஓகேன்னு கையெழுத்து போடற வரைக்கும் அது திரும்ப வர்ற பணம், போட்டதுக்கப்புறம் மனசு மாறினா பொதுவா போனது போனது தான். பறக்கறதுக்கு தடையா இருக்கற ஃபால்ட்டை செல்லர் செலவுல சரி பண்ணணும்னு அக்ரிமென்ட்ல இருக்கட்டும்.

கேள்வி: 12,500 கிலோமீட்டர் ரேஞ்சுன்னு புரோஷர்ல போட்டிருக்கே, நிஜமா போகுமா?

பதில்: போகும், 8 பேரோட மாக் 0.80 ஸ்பீட்ல (சத்தத்தோட வேகத்துல 80 சதவீதம்) போனா. அதுக்கு மேல விரட்டினா ரேஞ்சு குறையும், எதிர்காத்து அடிச்சா இன்னும் குறையும். உங்க நீளமான ரூட்டை பைலட்டுகிட்ட கொடுத்து குளிர்கால காத்துக்கு கணக்கு போடச் சொல்லுங்க.

கேள்வி: ஃப்ளைட் மேல கடன் இருக்கான்னு எங்க பாக்கறது?

பதில்: பதிவான நாட்டு ரெஜிஸ்ட்ரில ஒரு தடவை, 2001 கேப் டவுன் ஒப்பந்தத்துல வந்த இன்டர்நேஷனல் ரெஜிஸ்ட்ரில (ஃப்ளைட், என்ஜின் மேல இருக்கற கடனை நாடு தாண்டி பதியற இடம்) ஒரு தடவை. என்ஜின் சீரியல் நம்பரையும் தனியா போட்டு தேடுங்க, அதுக்கு மட்டும் கூட தனியா கடன் பதிவாகி இருக்கலாம்.