அப்பாரோட மாத்திரை வெள்ளையனுக்கு ஆகாது

கேள்வி: வணக்கமுங்க டாக்டர். பல்லடம் பக்கத்தில் தறி ஓட்டுகிற குடும்பம் எங்களுடையது. எங்கள் ஆண் பூனை வெள்ளையனுக்கு எட்டு வயசு, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தது. ஏழு கிலோ இருந்தவன் ரெண்டே மாசத்தில் அஞ்சரைக்கு வந்துவிட்டான். தண்ணிக் கிண்ணத்தை விட்டு நகர்வதில்லை. சுவரேறிக் குதித்தவன் இப்போது திண்ணை ஏறவே யோசிக்கிறான். துவைக்கிற கல்லோரம் அவன் ஒண்ணுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்துவிட்டு, சர்க்கரை வியாதிக்காரரான எங்கள் அப்பாருதான் (தாத்தா), "இவனுக்கும் என்ற வியாதிதான் போல" என்றார். டாக்டரிடம் காட்டினோம். ரத்தத்தில் சுகர் 412, ஒண்ணுக்கிலும் சுகர். கிளார்ஜின் இன்சுலின் காலை ஒரு யூனிட், இரவு ஒரு யூனிட் போடச் சொன்னார். மெடிக்கலில் அப்பாரு வாங்குகிற சிவப்பு மூடி சிரிஞ்சுதான் இருந்தது, அது போதுங்களா? ஊசிக்குப் பதில் அப்பாரோட மாத்திரையில் கால்வாசி கொடுக்கலாமா? சோத்தை நிறுத்தினால் தானாகக் குறையுமா? இளைக்கிறதுக்கு முன்னால் தோல் அரிப்புக்கு ரெண்டு தடவை ஊசி போட்டோம், அதனால் வந்ததா? அடுத்த மாசம் தாராபுரத்தில் தங்கச்சி கல்யாணம், மூணு நாள் போயாக வேண்டும். என்ன செய்வது?

பதில்: அம்மணி, முதலில் அந்தச் சிவப்பு மூடி சிரிஞ்சை அப்பாரோட டப்பாவிலேயே திருப்பி வையுங்கள். நீங்கள் கேட்டவற்றில் உயிருக்கு ஆபத்தானது இதுதான்.

நம் ஊர் மருந்துக் கடைகளில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் விற்கிறது. அப்பாரு சிவப்பு மூடி சிரிஞ்சு வாங்குகிறார் என்றால் அவருடைய குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட். வெள்ளையனுக்கு எழுதிக் கொடுத்த கிளார்ஜின் ஒரு மில்லிக்கு 100 யூனிட், அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. சிவப்பு மூடியில் 'ஒன்று' என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது ஒரு மில்லியில் நாற்பதில் ஒரு பங்கு. அப்பாரோட குப்பியில் இழுத்தால் அது ஒரு யூனிட். கிளார்ஜினில் இழுத்தால் அதே கோட்டில் இரண்டரை யூனிட் வந்து நிற்கும். அஞ்சரை கிலோ பூனைக்கு, அதுவும் சிகிச்சை தொடங்குகிற நேரத்தில், சர்க்கரையைக் கீழே தள்ளி வலிப்பு வரவைக்க இது போதும். ஆரஞ்சு மூடியிலும் 100 யூனிட் பிடிக்கிற பெரியது வேண்டாம். 30 யூனிட் பிடிக்கிற, அரை யூனிட்டுக்கும் கோடு போட்ட சின்ன சிரிஞ்சைக் கேட்டு வாங்குங்கள். பல்லடத்தில் இல்லாவிட்டால் திருப்பூரிலோ கோவையிலோ சொல்லி வையுங்கள். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற பூனைக்கு ஊசி ஒரு நாள் தள்ளிப்போனால் குடி முழுகிவிடாது, தப்பான சிரிஞ்சில் போட்டால் முழுகிவிடும்.

ஃபிரிட்ஜில் இரண்டு பேருடைய மருந்தும் ஒன்றாக இருக்கப் போகிறது. வெள்ளையனுடைய டப்பா மேல் மார்க்கரில் பெரிதாகப் 'பூனை' என்று எழுதி, வேறு தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது, கதவுப் பக்கமும் வேண்டாம். கிளார்ஜின் தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கியிருந்தால் கொட்டிவிடுங்கள், தண்ணீர் கலந்து நீர்க்க வைக்கிற வேலையும் வேண்டாம்.

இனி மாத்திரை. அப்பாரு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் வேண்டாம் என்பதுதான் என் பதில். மெட்ஃபார்மின் பூனைக்குப் பெரிதாகப் பலன் தராது, வாந்தியும் பசியின்மையும்தான் மிச்சம். கிளிமிபிரைடு வகை சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும். சர்க்கரையை ஒண்ணுக்கு வழியாக வெளியேற்றுகிற புது வகை மாத்திரைகளில் பூனைக்கென்றே செய்த இரண்டுக்கு அமெரிக்காவில் 2022, 2023-ல் அனுமதி கிடைத்திருக்கிறது. அதையும் இன்சுலின் போட்ட பூனைக்குக் கொடுக்கக் கூடாது என்றுதான் விதி. சர்க்கரை சரியாக இருப்பது போலக் காட்டிக்கொண்டே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும். மனிதருக்கான மாத்திரைகளில் இரண்டு மூன்று மருந்து கலந்தே வருகிறது. அதில் கால்வாசி உடைத்தால் எதில் எவ்வளவு போகிறது என்று யாருக்குத் தெரியும்? வெந்தயத் தண்ணீர், பாகற்காய்ச் சாறு, சிறுகுறிஞ்சான் பொடி என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அவை அப்பாருக்கு எப்படியோ, பூனையின் தொண்டைக்குள் ஊற்றிவிடாதீர்கள்.

சோறு விஷயத்துக்கு வருவோம். தீனியை அடியோடு நிறுத்தவே கூடாது. கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய் அடைந்து, ஈரல் செயலிழந்து செத்தே போகலாம். சர்க்கரையால் இளைத்துக்கொண்டிருக்கிற பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. மாற்ற வேண்டியது சோற்றை. பூனை பிறவியிலேயே கறி தின்னி. அதன் ஈரலில் மாவுச்சத்தைக் கையாளுகிற ஏற்பாடு நம்மைப் போல இல்லை. நம் வீடுகளில் அதற்கு விழுவது அரிசியும் பருப்புஞ்சோறு, நெய் ஊற்றிய தயிர்சோறு, பால், போதாததற்கு பேக்கரி பன்னும் வர்க்கியும். ஆபரேஷன் ஆன ஆண் பூனை, வீட்டிலேயே படுத்துக் கிடக்கிற பூனை இப்படித் தின்றால் சர்க்கரை வராமல் எங்கே போகும்?

பல்லடத்தில் இருந்துகொண்டு கோழிக்கு அலைய வேண்டியதில்லை. உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் வேகவைத்த தொடைக்கறி, இருதயம், கொஞ்சமாக ஈரல், அவித்த முட்டை, வேகவைத்துச் சூடாறிய மீன். வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், பூனைக்குக் கட்டாயம் வேண்டிய டாரின் என்ற சத்து அதில்தான் இறங்கியிருக்கும். ஆனால் கறி மட்டுமே மாதக்கணக்கில் போட்டால் சுண்ணாம்புச் சத்தும் டாரினும் குறையும். பாதிக்குப் பாதி பாக்கெட்டில் வருகிற ஈரத் தீவனம் சேர்ப்பது நல்லது. எது நல்ல பாக்கெட் என்று பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. லேபிளில் பெரும்பாலும் மாவுச்சத்து அளவு போட மாட்டார்கள். புரதம், கொழுப்பு, ஈரம், நார், சாம்பல் இந்த ஐந்தையும் கூட்டி நூறில் கழித்தால் மிச்சம்தான் மாவுச்சத்து. ஒரு ஈரப் பாக்கெட்டில் 9, 4, 83, 1, 2 என்றிருந்தால் மிச்சம் 1. உலர் தீவனத்தில் 32, 12, 10, 4, 8 என்றிருந்தால் மிச்சம் 34. விலை அதிகமான உலர் தீவனம் என்பதால் நல்லது என்று நினைத்து ஏமாறாதீர்கள். ஈரத்திலும் கிரேவி மிதக்கிறதைவிடக் கூழாக அரைத்தது மேல்.

ஒரு எச்சரிக்கை. சோற்றை நிறுத்திக் கறிக்கு மாறியதும் இன்சுலின் தேவை மளமளவென்று குறையலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். ஊசியை அதே அளவில் வைத்துக்கொண்டு உணவை ஒரே நாளில் மாற்றுவதும் அளவுக்கு மீறி ஊசி போடுவதும் ஒன்றுதான்.

ஊசி போடுவதைப் பற்றிக் கொஞ்சம். அப்பாருக்குப் போடுவதைவிட இது சுலபம், நம்பலாம். தட்டை முன்னால் வைத்து அவன் தின்ன ஆரம்பித்ததும், விலாப் பக்கம் தோலைக் கூடாரம் மாதிரி இரண்டு விரலால் தூக்கி, அடியில் ஊசியை நுழைத்து அழுத்தி எடுத்துவிடுங்கள். ஸ்பிரிட் தடவ வேண்டாம், அந்த வாடைக்கே ஓடிவிடுவான். எடுத்த பிறகு அந்த இடத்து ரோமத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் மருந்து வெளியே போய்விட்டது என்று அர்த்தம். அப்படிப் போனாலும், போனதா இல்லையா என்று சந்தேகம் வந்தாலும், திரும்பப் போடக் கூடாது. அடுத்த வேளை பார்த்துக்கொள்ளலாம். இரண்டு ஊசிக்கு நடுவில் பன்னிரண்டு மணி நேரம் இருக்க வேண்டும். தறியில் ஷிப்ட் மாறுகிற நேரத்தையே ஊசி நேரமாக வைத்துக்கொண்டால் யாருக்கும் மறக்காது. ஒவ்வொரு தடவையும் புது ஊசி. பழைய ஊசிகளை மூடி போட்ட கெட்டி பாட்டிலில் சேர்த்து கிளினிக்கில் கொடுத்துவிடுங்கள், குப்பையில் போட்டால் அள்ளுகிறவர் கையில்தான் குத்தும்.

தின்னவில்லை, அல்லது வாந்தி எடுத்தான் என்றால் ஊசி போடாமல் முதலில் டாக்டருக்கு ஃபோன் போடுங்கள். தீவனம் தொடாமல், சோர்ந்து, வாந்தியோடு, வாயில் நகப்பாலிஷ் அழிக்கிற திரவம் மாதிரி வாடை வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அது ரத்தத்தில் அமிலம் ஏறுகிற நிலை. உள்ளூர் கிளினிக்கில் ராத்தங்கி ட்ரிப் போட வசதி இல்லையென்றால் வேறு எங்கே கொண்டுபோவது என்பதை இன்றைக்கே கேட்டு வையுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வழி.

சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிப் போவதுதான் வீட்டில் உஷாராகக் கவனிக்க வேண்டியது. அதன் அடையாளங்கள்: தள்ளாட்டம், கண் பெரிதாக விரிந்து வெறித்துப் பார்ப்பது, திடீர்ப் பசி, பிறகு சுருண்டு விழுவது, வலிப்பு. நினைவோடு இருந்தால் உடனே தின்னக் கொடுங்கள். தின்ன முடியாத நிலையில் தேனையோ குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்தோ ஈறில் விரலால் தடவுங்கள். வாய்க்குள் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். வலிப்பு இருக்கும்போது விரலை உள்ளே விடாதீர்கள், உதட்டோரம் தடவினால் போதும். தெளிந்த மாதிரி தெரிந்தாலும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், இன்சுலின் வேலை இன்னும் மிச்சம் இருக்கும். இதற்காகவே சொல்கிறேன், வெள்ளையனை இனி ஊர் சுற்ற விடாதீர்கள். எங்கேயோ ஓட்டு மேல் மயங்கிக் கிடந்தால் யார் பார்ப்பது? பக்கத்து வீட்டில் பால் ஊற்றுகிறவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

அப்பாரு வீட்டில் சர்க்கரை பார்க்கிற மிஷின் இருந்தால் இங்கே உதவும். காது ஓரத்தை வெதுவெதுப்பான துணியால் கொஞ்ச நேரம் பிடித்து, விளிம்பில் ஓடுகிற ரத்தக் குழாயை ஒட்டி லான்செட்டால் (ரத்தம் எடுக்கக் குத்துகிற சின்ன ஊசி) குத்தினால் கடுகளவு ரத்தம் வரும், அது போதும். லான்செட் அவனுக்குத் தனி. மனித மிஷின் பூனை ரத்தத்தில் உள்ளதைவிடக் கொஞ்சம் குறைத்தே காட்டும், அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். முதல் சில வாரம், ஊசிக்கு முன் 200-க்குக் கீழ் இருந்தால் போடாமல் கேளுங்கள் என்றுதான் நான் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வது. 350 என்று பார்த்துவிட்டு அப்பாரைப் போலக் கூட ஒரு யூனிட் ஏற்றிவிடாதீர்கள். பூனை பயந்தாலே சர்க்கரை ஏறும், கிளினிக்கில் பார்த்த 412-லும் கொஞ்சம் பயம் கலந்திருக்கலாம். எறும்பும் இளைப்பும் இருப்பதால் நோயில் சந்தேகமில்லை. அடுத்த முறை ஃப்ரக்டோசமைன் பரிசோதனை கேளுங்கள். கடைசி ஒன்றிரண்டு வாரத்துச் சராசரி அதில் தெரியும், பயத்தால் அது மாறாது.

எண்ணைவிட எனக்கு முக்கியம் ஒரு நோட்டு. எவ்வளவு தண்ணீர் குடித்தான், எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனான், தின்றானா, வாரம் ஒரு முறை எடை. நூல் கோன் எடை போடுகிற தராசில் ஒரு கூடையோடு வைத்தால் வந்துவிடும். திண்ணை ஏற யோசிப்பதும் சர்க்கரை நரம்பைப் பாதித்த அடையாளமாக இருக்கலாம். நடக்கும்போது பின்னங்கால் குதி தரையில் படிகிறதா என்று பார்த்து எழுதுங்கள். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் மாதக்கணக்கில் இது சரியாகிற வாய்ப்பு உண்டு. முக்கி முக்கி ஒண்ணுக்கு வராமல் தவித்தால் அது வேறு அவசரம், ஆண் பூனைக்கு அடைப்பு ஏற்படும். அன்றைக்கே ஓடுங்கள்.

அரிப்பு ஊசி பற்றிய உங்கள் சந்தேகம் சரியான சந்தேகம். ஒரு தடவை போட்டால் வாரக்கணக்கில் வேலை செய்கிற ஸ்டீராய்டு ஊசிகள் உண்டு. எடை கூடிய பூனைக்கு அவை மறைந்திருந்த சர்க்கரையை வெளியே இழுத்துவிடும். உங்களுக்குப் போட்டது அதுதானா என்று பழைய சீட்டைப் பார்த்தால் தெரியும், இப்போது பார்க்கிற டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். அதுதான் காரணம் என்றால் அது நல்ல செய்தியும்கூட. மருந்தின் வேகம் தணிந்து, மாவுச்சத்து குறைந்து, ஆரம்பத்திலேயே இன்சுலினும் சரியாகப் போனால் சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாத நிலை வருகிறது. அப்பாருக்கு இந்த வாய்ப்பு குறைவு, வெள்ளையனுக்கு இருக்கிறது. ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது. இனி அரிப்பு வந்தால் ஸ்டீராய்டு இல்லாத மருந்தாகக் கேளுங்கள்.

கல்யாணத்துக்குத் தாராளமாகப் போய் வாருங்கள். தூக்கிக்கொண்டு போக வேண்டாம். மண்டபச் சத்தத்தில் அவன் தின்னவும் மாட்டான், உங்களுக்கு நேரமும் தப்பும். யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும், அவர் இப்போதிருந்தே வாரம் இரண்டு மூன்று ஊசி உங்கள் கண் முன்னால் போட்டுப் பழகட்டும். தறியில் வேலை பார்க்கிற தம்பிகளில் கை நடுங்காத ஒருவரைப் பிடியுங்கள். தின்றால் ஒரு யூனிட், தின்னாவிட்டால் ஊசி கிடையாது, ஃபோன் போட வேண்டும் என்று எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள், பக்கத்தில் டாக்டர் நம்பர். தேன் பாட்டில் எங்கே இருக்கிறது என்றும் காட்டிவிடுங்கள். ஒரு வேளை தவறிப் போனால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகப் போட வேண்டாம் என்பதை மட்டும் அந்தத் தம்பியிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.