குழந்தைத் தொழிலாளர் சட்டம் இவ்வளவு கடுமையாக இருந்தும் பிள்ளைகள் வேலை செய்வது ஏன் நிற்கவில்லை? சட்டத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது?

ஓட்டை ஒன்றல்ல, பல. அதில் பெரியது எது என்று கேட்டால் "குடும்பம்" என்றுதான் சொல்வேன்.

1986ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியல் போட்டுச் சில தொழில்களில் மட்டும் பிள்ளைகளைத் தடுத்தது. 2016இல் அதைத் திருத்தி, 14 வயதுக்குக் கீழ் எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது என்றார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அதே 3ஆம் பிரிவிலேயே ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும் பிள்ளை தன் குடும்பத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ உதவலாம். அபாயகரமான தொழிலாக இருக்கக் கூடாது, படிப்பு கெடக் கூடாது, அவ்வளவுதான். இந்தக் குடும்ப விதிவிலக்கு 1986 சட்டத்திலேயே வேறு வடிவில் இருந்ததுதான். திருத்தும்போது எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை.

நான் திருப்பூர்ப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். பனியன் தைத்து முடித்ததும் தொங்குகிற நூல் பிசிறை வெட்டும் வேலை அங்கே வீடு தேடி வரும். சாயங்காலம் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஒருவர் மூட்டையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார், காலையில் எண்ணி எடுத்துக்கொள்வார். கூலி பீஸ் கணக்கு. மூட்டை ராத்திரிக்குள் முடிய வேண்டும் என்றால் அம்மா ஒருத்தியால் ஆகாது. பாட்டி, ஏழாவது படிக்கும் அக்கா, நாலாவது படிக்கும் தம்பி எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்து வெட்டுவார்கள். வகுப்பில் இந்தப் பிள்ளைகளைக் கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. கட்டைவிரல் காய்த்துப் போயிருக்கும், பாவாடையில் நூல் ஒட்டியிருக்கும், இரண்டாவது பீரியடிலேயே கண் சொருகும். அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தால், "கூடமாட ஒத்தாசை பண்றாளுங்க டீச்சர், வேலைக்கா அனுப்பறோம்?" என்பார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. சட்டம் அனுமதிப்பதும் ஒத்தாசையைத்தான்.

இந்த இடம் சிக்கலானது என்று தெரிந்துதான் 2017இல் விதிகள் கொண்டுவந்தார்கள். மாலை 7 மணி முதல் காலை 8 மணி வரை பிள்ளை உதவக் கூடாது, குடும்பத்துக்கு வருமானம் தரும் உற்பத்தி, விற்பனை எதிலும் ஈடுபடக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. படித்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டம் "குடும்பத் தொழில்" என்று வியாபாரத்தையும் உற்பத்தியையும் சேர்த்தே சொல்கிறது. விதியோ வருமானம் வரக் கூடாது என்கிறது. வருமானம் வராத வியாபாரம் எங்கே இருக்கிறது? சட்டமே அனுமதித்ததை விதி எப்படித் தடுக்கும் என்று வாதாட இடம் வைத்துவிட்டார்கள். அது போகட்டும், ராத்திரி எட்டரை மணிக்கு ஒரு வீட்டுக் கூடத்தில் யார் பிசிறு வெட்டுகிறார்கள் என்று எந்த ஆய்வாளர் போய்க் கதவைத் தட்டப்போகிறார்?

அதே விதிகளில் பள்ளிக்கும் ஒரு பொறுப்பு உண்டு. ஒரு பிள்ளை தகவல் சொல்லாமல் தொடர்ந்து 30 நாள் வராவிட்டால் தலைமையாசிரியர் அதற்கென உள்ள அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். நான் சொன்ன பிள்ளைகள் ஒரு நாளும் நின்றதில்லை. மதியச் சாப்பாடு கிடைக்கிறது, வீட்டில் வேலை சாயங்காலம்தான், பிறகு எதற்கு நிற்க வேண்டும்? சட்டம் தேடுவது பள்ளிக்கு வராத பிள்ளையை. வேலை செய்கிற பிள்ளை வருகைப் பதிவேட்டில் நூற்றுக்கு நூறு வைத்திருக்கும். ஜூன் 12 அன்று குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாள் உறுதிமொழியைச் சத்தமாகச் சொல்வதும் அந்தப் பிள்ளைகள்தான்.

குடும்பம் என்பதன் வரையறை இன்னொரு கூத்து. பெற்றோர், உடன்பிறந்தோர் மட்டுமல்ல. அப்பாவின் அண்ணன் தம்பி அக்கா தங்கை, அம்மாவின் அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரும் அதில் அடக்கம். அதாவது பெரியப்பா கடையும் மாமா பட்டறையும் குடும்பத் தொழில். வெளியாட்களை வேலைக்கு வைத்து நடத்தினாலும் அப்படித்தான். நம் ஊரில் வயதில் மூத்த ஆண் எல்லாருமே மாமாவும் சித்தப்பாவும்தான். மெக்கானிக் கடையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனைக் கேட்டால் "எங்க மாமா கடை" என்பான். தாய்மாமன்தானா என்று நிரூபிக்க ரேஷன் கார்டில் பெயரா இருக்கப்போகிறது?

இதெல்லாம் பின்னால் தெரியவந்த சங்கதி இல்லை. தொழிலாளர் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2013 டிசம்பரிலேயே இந்த விதிவிலக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. வீட்டுக்குள் பிள்ளை சும்மா உதவுகிறதா, குடும்பத்துக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறதா என்று கண்காணிப்பது மிகக் கடினம் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆனாலும் திருத்தம் 2016 ஜூலையில் விதிவிலக்கோடேயே நிறைவேறியது.

எனக்கு இதில் ரொம்பவும் உறுத்துவது வேறு. அப்படியே வழக்கு என்று வந்தாலும் யார் மேல் வரும்? கம்பெனி ஒருவருக்குக் காண்ட்ராக்ட் கொடுத்தது, அவர் இன்னொருவருக்குக் கொடுத்தார், அவர் மூட்டையை அந்த அம்மாவிடம் கொடுத்தார். பிள்ளையை வேலை வாங்கியது காகிதப்படி அம்மா. பெற்றோருக்கு முதல் தடவை தண்டனை இல்லை, அதற்குப் பிறகும் 10,000 ரூபாய் வரை அபராதம்தான். இந்தச் சலுகையை நான் குறை சொல்ல மாட்டேன். பெற்றவளைப் பிடித்து உள்ளே போட்டால் பிள்ளை இன்னும் சீக்கிரம் வேலைக்குப் போகும். ஆனால் மேலே இருக்கிறவர்கள் கணக்கில் வருவதே இல்லை.

அபராதக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சிவகாசிப் பிள்ளைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில், ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் மறுவாழ்வு நிதிக்குக் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் சொன்னது. இருபது வருடம் கழித்து வந்த திருத்தத்தில் குறைந்தபட்ச அபராதம் எவ்வளவு தெரியுமா? அதே 20,000. அதிகபட்சம் 50,000. ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறையும் உண்டு, ஆனால் சட்டத்தில் "அல்லது அபராதம்" என்றும் இருக்கிறது.

அப்புறம் 14 வயதுக் கோடு. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வரைதான். குழந்தைத் தொழிலாளர் தடையும் 14 வரைதான். ஆனால் பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்துக்கும் சிறார் நீதிச் சட்டத்துக்கும் 18 வரை குழந்தை. ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையும் 18 என்கிறது, இந்தியா 1992இலேயே அதை ஏற்றுக்கொண்டது. எட்டாவது முடித்த பிள்ளைக்கு நாங்கள் டிசி கொடுத்து அனுப்பிவிடுவோம். ஒன்பதாவதில் எங்கேயும் சேராவிட்டால் அது எங்கள் பதிவேட்டிலும் இல்லை, உயர்நிலைப் பள்ளிப் பதிவேட்டிலும் இல்லை. வேலைக்குப் போனால், சுரங்கம், வெடிமருந்து போன்ற அபாயத் தொழிலாக இல்லாதவரை சட்டப்படி சரி. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில், மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லிப் பெண் பிள்ளைகளைக் கூட்டி வந்தார்களே, அவர்கள் குறிவைத்ததில் இந்த வயதுப் பிள்ளைகளும் உண்டு.

சினிமா, விளம்பரத்தில் நடிக்கும் பிள்ளைகளுக்கும் விதிவிலக்கு உண்டு. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பெயரில் வங்கியில் போட வேண்டும், தயாரிப்பாளர் மாவட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும். சரி, பெற்றோரே சேனல் தொடங்கித் தினமும் ரீல்ஸ் எடுக்கிற வீட்டில் தயாரிப்பாளர் யார்? விதி எழுதியபோது அவர்கள் மனதில் இருந்தது ஷூட்டிங் ஸ்பாட்.

கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள், பெயர் சொல்லத் தேவையில்லை. "உறவுக்காரப் பையன்" என்று கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்பித் திரும்பி வந்துவிடாதீர்கள். எந்த இடம், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். பள்ளி நேரத்திலோ இரவு 7 மணிக்கு மேலோ என்றால் உறவு என்ற சாக்கு அங்கே எடுபடாது. ஆசிரியர் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: ஜூன் கடைசியில் பக்கத்து உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு போன் போட்டு, நீங்கள் டிசி கொடுத்த பிள்ளைகளில் யார் யார் வந்து சேரவில்லை என்று பெயர் பெயராகக் கேளுங்கள்.