விஸ்காம் முடித்துவிட்டேன், ஃபோகஸ் புல்லர் ஆக எங்கே பயிற்சி எடுப்பது, எவ்வளவு செலவாகும்?

ஒளிப்பதிவாளர் ஆவது எப்படி என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஃபோகஸ் புல்லர், அதாவது ஷாட் ஓடும்போது நடிகர் நகர நகர லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி அவரை ஷார்ப்பாக வைத்திருக்கும் கேமரா உதவியாளர், ஆவதற்கு வழி கேட்கும் ஆளைப் பார்ப்பதே அபூர்வம், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். விஸ்காமில் மூன்று வருடம் படித்தும் சினி லென்ஸ் (சினிமாவுக்கென்றே செய்த லென்ஸ்) உங்கள் கைக்கு வந்திருக்காது என்று எடுத்துக்கொள்கிறேன். வந்திருந்தால் நல்ல கல்லூரி, மன்னித்துவிடுங்கள்.

முதல் செலவு ஒரு அளவு டேப். மற்றதெல்லாம் அப்புறம்.

ஏன் என்று கணக்கில் பாருங்கள். சூப்பர் 35 (சினிமா கேமராக்களில் வழக்கமான அளவு) சென்சாரில் 32 மி.மீ. லென்ஸ், டி5.6 (லென்ஸ் துளையின் அளவு, எண் குறைந்தால் துளை பெரிது), நடிகர் 3 மீட்டர் தள்ளி நிற்கிறார். சுமார் 2.1 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரை எல்லாமே ஷார்ப். அங்கே ஃபோகஸ் புல்லர் டீ குடித்துக்கொண்டே வேலை பார்க்கலாம். அதே கேமராவில் 85 மி.மீ. போட்டு டி2 திறந்து, 2 மீட்டரில் ஒரு க்ளோசப் வையுங்கள். ஷார்ப்பாக இருப்பது மொத்தமே ஐந்தரை செ.மீ. கண் ஷார்ப், காது சாஃப்ட், அதாவது மங்கல். வசனத்தின் நடுவில் நடிகர் நான்கு விரற்கடை முன்னால் சாய்ந்தால் ஷாட் போச்சு. மானிட்டரில் சாஃப்ட் என்று கண்ணுக்குத் தெரிந்த பிறகு திருப்பினால், அந்தத் தடுமாற்றமும் சேர்ந்து பதிவாகும். ஆகவே தூரம் கண்ணில் இருக்க வேண்டும், மானிட்டரில் அல்ல.

அதைப் பழக கேமராவே வேண்டாம். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது எதிரே இருக்கும் கம்பம் எத்தனை அடி என்று முதலில் எழுதிவையுங்கள், அப்புறம் அளந்து பாருங்கள். எழுதாமல் அளந்தால் மனசு ஏமாற்றும், ‘நானும் அதைத்தான் நினைத்தேன்’ என்று சொல்லும். பத்தடிக்குள் மூன்று அங்குலத் தவறுக்குள் வரும்வரை தினமும் இருபது பொருள். பிறகு நடக்கும் ஆளை வைத்துப் பழகுங்கள்: எட்டடி, ஏழடி, ஆறடி என்று அவர் கடக்கும் அந்த நொடியில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அடுத்தது கை. பழைய மேனுவல் 50 மி.மீ. ஸ்டில் லென்ஸ் ஒன்று, அதற்கான அடாப்டர், ஏதாவது ஒரு மிர்ரர்லெஸ் கேமரா பாடி. புது ஆட்டோஃபோகஸ் லென்ஸ் இதற்கு உதவாது. அதன் வளையம் பெரும்பாலும் மின்னணுவில் ஓடுகிறது, இரண்டு முனையிலும் முட்டி நிற்காது. வேகமாகத் திருப்பினால் ஒரு தூரம், மெதுவாகத் திருப்பினால் வேறு தூரம். பென்சிலில் போட்ட மார்க் அடுத்த டேக்குக்குள் பொய்யாகிவிடும்.

புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு, லென்ஸின் முன்பக்கத்திலிருந்து அளப்பது. சினி லென்ஸில் எழுதியிருக்கும் தூரம் சென்சார் இருக்கும் தளத்திலிருந்து. கேமரா பாடியில் ஒரு வட்டமும் அதைக் குறுக்கே வெட்டும் கோடும் இருக்கும், டேப் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நீளமான ஜூம் லென்ஸில் இதை மறந்தால் ஓரடிக்கு மேல் தவறும். இன்னொன்று: அடி போட்ட லென்ஸும் வரும், மீட்டர் போட்ட லென்ஸும் வரும். பெட்டியைத் திறந்ததும் முதலில் அதைப் பாருங்கள்.

படப்பிடிப்புக்கு முன் கேமராவையும் லென்ஸையும் சோதிக்கும் டெஸ்டை ஒப்புக்குச் செய்யாதீர்கள். ஒவ்வொரு லென்ஸின் துளையையும் முழுசாகத் திறந்து, சரியாக ஆறடியில் கோடுகள் அச்சிட்ட சார்ட் வைத்து, கண்ணால் ஷார்ப் பண்ணுங்கள். வளையத்தில் ஆறு என்று காட்டுகிறதா? டெலியில் (தூரத்தை இழுத்துக் காட்டும் லென்ஸ்) காட்டி, வைடில் (அகலமாகக் காட்டும் லென்ஸ்) மட்டும் காட்டவில்லை என்றால் மவுண்டில், அதாவது லென்ஸைக் கேமராவோடு பூட்டும் இடத்தில், பிரச்சினை. சினி கேமராக்களில் பரவலான பி.எல். மவுண்டில் லென்ஸ் உட்காரும் முகத்துக்கும் சென்சாருக்கும் 52 மி.மீ. இருக்க வேண்டும், ஒரு மி.மீ.யில் நூறில் ஒரு பங்கு விலகினாலே வைட் லென்ஸ் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். அதை ரெண்டல் ஹவுஸ் (கேமரா வாடகைக்கு விடும் இடம்) டெக்னீஷியன்தான் சரிசெய்ய வேண்டும்.

எங்கே கற்பது என்ற கேள்விக்கு என் பதிலும் அந்த ரெண்டல் ஹவுஸ்தான். நம் ஊரில் கேமராவோடு அட்டெண்டன்ட்களும் சேர்ந்தே வருவார்கள். நல்ல ஃபோகஸ் புல்லர்கள் பலர் அந்த வரிசையிலிருந்து மேலே வந்தவர்கள். ஆறு மாதம் அங்கே பெட்டி துடைத்து, லென்ஸ் மாற்றி, ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும் மோட்டாரை கேலிபரேட் செய்தால் போதும், எந்த லென்ஸ் எப்படி மக்கர் பண்ணும் என்பது தன்னால் தெரிந்துவிடும். ஏ.சி. அறையிலிருந்து எடுத்த பெட்டியை ஈ.சி.ஆர். கடற்கரையில் உடனே திறந்தால் லென்ஸில் ஈரம் படிந்து மங்கிப்போகும், அரை மணி நேரம் மூடியே வைக்க வேண்டும் என்பதும் அங்கே முதல் வாரத்திலேயே வந்துவிடும்.

இன்ஸ்டிட்யூட் வீண் என்று நான் சொல்லவில்லை, கமெண்டில் சண்டைக்கு வர வேண்டாம். தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட நிறுவனத்தில் ஒளிப்பதிவு நான்கு வருட இளங்கலைப் படிப்பு, ஏற்கெனவே டிகிரி முடித்த உங்களுக்கு அது மறுபடி முதலிலிருந்து. டிகிரிக்கு மேல் என்றால் புனே எஃப்.டி.ஐ.ஐ.யிலும் கொல்கத்தா சத்யஜித் ராய் திரைப்பட நிறுவனத்திலும் மூன்று வருடப் படிப்பு, நுழைவுத்தேர்வு உண்டு. ஒளிப்பதிவாளர் ஆக வேண்டுமென்றால் போங்கள். ஃபோகஸ் அங்கே பாடத்தின் ஒரு பகுதி மட்டுமே. மூன்று நாள் ‘ஒர்க்‌ஷாப்’ நடத்திச் சான்றிதழ் கொடுப்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள், செட்டில் அந்தக் காகிதத்தை யாரும் கேட்பதில்லை. சங்க உறுப்பினர் அட்டையைக் கேட்பார்கள், அதைப் பற்றி தென்னிந்திய ஒளிப்பதிவாளர்கள் சங்கத்தில் நேரில் விசாரியுங்கள்.

‘அதான் ஆட்டோஃபோகஸ் வந்துவிட்டதே’ என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். முகத்தை அது நன்றாகவே பிடிக்கும். அப்பா பேசி முடித்து, மகள் பதில் சொல்லுமுன் எந்த நொடியில் அவளிடம் போக வேண்டும் என்பது அதற்குத் தெரியாது.

இவ்வளவு பாடுபட்டு அங்குலக் கணக்கில் ஷார்ப் வைத்த படத்தைத் தியேட்டரில் போய்ப் பாருங்கள், வயிறு எரியும். திரையில் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது டிஜிட்டல் திரையிடலின் தரம். ஆயுள் முடிந்த விளக்கை மாற்றாமல் ஓட்டுகிறார்கள், புரொஜெக்டரின் ஃபோகஸை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதைப் பார்த்துவிட்டு ‘கேமரா வொர்க் மங்கல்’ என்று விமர்சனம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், விடுங்கள்.

செட்டில் ஒரே ஒரு பழக்கம் முக்கியம். டேக் சாஃப்ட் ஆனால், கட் சொன்ன உடனே ஒளிப்பதிவாளரிடம் போய் மெதுவாக, “சார், கடைசி வரியில் சாஃப்ட், இன்னொன்று போகலாம்” என்று சொல்லிவிடுங்கள். திட்டு அரை நிமிடத்தில் முடிந்துவிடும். எடிட்டிங்கில் அவரே கண்டுபிடித்தால் அடுத்த படத்துக்குக் கூப்பிட மாட்டார்.

டேப் வாங்கும்போது துணி டேப்பாக வாங்குங்கள். இரும்பு டேப்பை நடிகர் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் சுருளும்போது கண்ணைக் கிழித்துவிடும்.