மாடு விடாமல் காத்திருப்பதும் வேலைதான்

தம்பி, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ராக்ஹாம்ப்டனுக்கு மேற்கே மாட்டுப் பண்ணையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். நல்ல மழை பெய்தும் ஒரு பேடக், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம், முழுக்கப் புல் சிவந்து செத்துவிட்டது, முதலாளி அதை உழுதுவிட்டு மாதக்கணக்கில் சும்மா போட்டிருக்கிறார், இது என்ன கணக்கு என்று கேட்டிருந்தீர்கள்.

மழைக்குப் பிறகும் சிவந்து சாகிறது என்றால் அது பெரும்பாலும் மாவுப்பூச்சி வேலை. இங்கே 'டைபேக்' என்பார்கள். தூரைப் பிரித்து, அடியில் கிடக்கும் சருகை விலக்கிப் பாருங்கள், வெள்ளையாகப் பொடி ஒட்டியதுபோல் இருக்கும். குயின்ஸ்லாந்தில் 1926-லேயே பார்த்த பூச்சிதான். சாகாமல் வெளிறி, குட்டையாக நிற்கும் புல்லுக்குக் காரணம் வேறு. பிரிகலோ என்ற வேல மர வகைக் காட்டை அழித்துப் புல் போட்ட புதிதில் மண்ணில் தழைச்சத்து கொட்டிக் கிடக்கும். வருடங்கள் போகப் போக அது செத்த வேரிலும் சருகிலும் மாட்டிக்கொள்ளும். நான் வந்த புதிதில் இரண்டையும் குழப்பிக்கொண்டு தண்ணீர்ப் பஞ்சம் என்றே நினைத்திருந்தேன்.

இரண்டுக்கும் இங்கே சொல்லும் வழிகளில் ஒன்று, புல்லோடு பயறு வகைச் செடியைச் சேர்ப்பது. மாவுப்பூச்சி நாசமாக்குவது புல்லைத்தான், பயறு வகை தப்பிவிடும். காற்றிலிருந்து தழைச்சத்தையும் பிடித்துத் தரும். பெயர்களைக் கேட்டு மிரளாதீர்கள். இங்கே மேயும் புல்லான பஃபல் என்பது நம் கொழுக்கட்டைப் புல். பயறு வகையில் ஸ்டைலோ முயல்மசால், டெஸ்மேந்தஸ் வேலிமசால், பட்டர்ஃப்ளை பீ என்பது சாட்சாத் சங்குப்பூ!

உழுத நிலம் சும்மா கிடக்கவில்லை. பழைய புல்லும் களையும் சாக வேண்டும், ஈரம் உள்ளே சேர வேண்டும். விதை பொடிசு, ஆழமாகப் போட்டால் முளைக்காது. மேலாகத் தூவும்போது அடியில் ஈரம் இல்லையென்றால் நாலு நாள் வெயிலில் எல்லாம் போச்சு. பஃபல் கொஞ்சம் உயிரோடு இருந்தாலும் சின்னச் செடியை அமுக்கிவிடும்.

அப்புறம்தான் பெரிய சோதனை. பச்சையாக முழங்கால் உயரம் வந்ததும் மாட்டை விடக் கை பரபரக்கும். ஒரு கொத்தைப் பிடித்து, மாடு இழுப்பதுபோல் வெடுக்கென்று இழுங்கள். இலை அறுந்து கையோடு வந்தால் சரி, வேரோடு வந்தால் இன்னும் நாள் இருக்கிறது. முதல் வருடம் விதை உதிரும்வரை விடாமல் இருப்பதே உத்தமம். ஒருமுறை நான் கேட்டைச் சங்கிலி போடாமல் விட்டுவிட்டேன். காலையில் போய்ப் பார்த்தால் அறுபது காளைக்கன்றுகள் உள்ளே. ஒரே இரவில் பாதிச் செடி வேரோடு வெளியே கிடந்தது. முதலாளி திட்டவில்லை, மறுநாள் முழுக்க என்னோடு பேசவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. திறந்திருந்த கேட்டைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியபடியும் விட்டுப் போவதுதான் இங்கே முதல் பாடம்.

இன்னொன்று, வேறு பண்ணைக்குப் போய் வந்தால் பூட்ஸையும் வண்டியின் அடியையும் கழுவிவிட்டு உள்ளே வாருங்கள். ஜெயண்ட் ராட்ஸ் டெயில் என்ற களைப்புல்லின் விதை அப்படித்தான் வந்து சேரும். மாடு அதை அவ்வளவாகத் தொடாது.

என்ன விதைக்கப் போகிறார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள். லூசீனா என்றால், அதாவது நம் சவுண்டல், விவரமாக எழுதுகிறேன். அதில் மைமோசின் என்ற நஞ்சு உண்டு. அதைச் செரிக்கும் நுண்ணுயிரை மாட்டின் வாயில் ஊற்றிவிட வேண்டும், அந்த வேலை உங்கள் தலையில்தான் விழும்.