கொரோனா காலத்தில் சுற்றுலா ஊர்களில் கடைகளை எப்போது திறந்திருக்க வேண்டும்? அவசரப்பட்டார்களா, தாமதித்தார்களா?

கொடைக்கானலில் நாலு அறை உள்ள ஒரு காட்டேஜும், ஏழுரோடு பக்கம் ஹோம்மேட் சாக்லேட், யூகலிப்டஸ் தைலம் விற்கிற ஒரு சின்னக் கடையும் நடத்துகிறேன். இரண்டுமே குத்தகை. 2020 ஆகஸ்டில் "உடனே திறந்துவிடுங்க" என்று தொண்டை கிழியக் கத்தினவர்களில் நானும் ஒருத்தன். அதனால் நடுநிலையான பதிலை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

கீழே, அதாவது சமவெளியில், கடை திறப்பது என்றால் ஷட்டரைத் தூக்குவது. மலையில் அது பாதி வேலைகூட இல்லை. 2020 மே 11ஆம் தேதி தமிழ்நாட்டில் 34 வகைக் கடைகளைத் திறக்கலாம் என்றார்கள். டீக்கடையில் பார்சல் மட்டும். (டாஸ்மாக் மதுக்கடை அதற்கு நாலு நாள் முன்பே திறந்தாகிவிட்டது. மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, உச்ச நீதிமன்றத்தில் தடை வாங்கி 16ஆம் தேதி மறுபடி திறந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ குடிக்கத்தான் வழியில்லை.) மே கடைசியில் நானும் கடையைத் திறந்தேன். முதல் நாள் வியாபாரம் ஒரு பாட்டில் தைலம். வாங்கினவர் எதிர்க்கடைக்காரர். அவருக்குத் தலைவலி.

மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ், அதாவது ஆன்லைனில் வாங்கும் பயண அனுமதி, வேண்டும். அது கல்யாணம், சாவு, வைத்தியத்துக்குத்தான் கிடைக்கும், ஊர் சுற்ற அல்ல. மலையடிவாரத்து வத்தலகுண்டிலிருந்து வண்டி ஏறாத வரைக்கும் ஏழுரோட்டில் ஷட்டர் மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன? ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் அரசாங்கக் கணக்கில் எங்கள் கடைகள் "இயங்கின".

இன்னொரு கணக்கும் வெளியூர்க்காரர்களுக்குப் புரியவில்லை. "ரெண்டு மாசம் பொறுத்துக்கக் கூடாதா?" என்று மதுரையில் இருக்கிற என் மச்சான் போனில் கேட்டார். அவருக்குத் துணிக்கடை. அவருக்கு இரண்டு மாதம் என்றால் பன்னிரண்டில் இரண்டு. எங்களுக்கு ஏப்ரல், மே இரண்டும்தான் வருஷம். குத்தகைப் பணம், பிள்ளைகள் ஃபீஸ், மழைக்காலச் சாப்பாடு எல்லாம் அந்த சீசன் காசில்தான். செப்டம்பர், அக்டோபரில் ஒரு குட்டி சீசன் வரும், அது கைச்செலவுக்கு. மே மாதம் போனால் அடுத்த மே வரைக்கும் காத்திருக்க வேண்டும். அந்த அடுத்த மேயும் போனது, அதைப் பிறகு சொல்கிறேன்.

2020 மார்ச்சில், சீசனுக்கு முன்னால், சாக்லேட் காம்பவுண்டு கட்டிகளைக் கடனுக்கு எடுத்து உருக்கி, அச்சில் ஊற்றித் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருந்தோம். 24ஆம் தேதி ராத்திரி பிரதமர் அறிவித்தார், 25இலிருந்து எல்லாம் மூடல். மே கடைசியில் தட்டுகளைத் திறந்தபோது ஒவ்வொரு துண்டின் மேலும் வெள்ளை பூத்திருந்தது. பூஞ்சை இல்லை, கொழுப்பு மேலே வந்து படிவது. சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் எந்த டூரிஸ்ட் வாங்குவான்? தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். ஒரு வாரம் எங்கள் தெருவில் நான்தான் ஹீரோ. பிறகு கடன் கொடுத்தவர் போன் செய்தார்.

வங்கிக் கடனுக்கு ரிசர்வ் வங்கி மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் 31 வரை தவணையை ஒத்திவைக்கலாம் என்றது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. செப்டம்பர் 1 முதல் தமிழ்நாட்டுக்குள் மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டாம் என்றார்கள், நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு நீங்கலாக. தவணை கட்டுவதில் மட்டும் எங்களுக்கு எந்த நீங்கலும் இல்லை. என் கோபம் முழுக்க இங்கேதான்.

ஆகஸ்ட் மாதத்தில் வியாபாரிகள் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினோம். ஆறடிக்கு ஒரு நாற்காலி. எல்லார் வாயிலும் மாஸ்க். அதனால் சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுகிற மாதிரி கத்த வேண்டியிருந்தது, கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே சண்டையாகிவிட்டது. லாட்ஜ்காரர்கள், நான், ஜீப் ஓட்டுகிற தம்பிகள் எல்லாம் திறக்கிற கட்சி. ஏரிக்கரையில் குதிரை வைத்திருக்கிற ஒருவர், "உங்க ரூம் சும்மா கிடந்தா கொள்ளு கேக்காது, என் குதிரை கேக்குது" என்றார். மேல்மலையில் பூண்டும் உருளையும் போடுகிறவர்கள் எதிர்க்கட்சி. அவர்களுக்கு வேண்டியது வண்டி காயை ஏற்றிக்கொண்டு கீழே போவதுதான். ஆள் மேலே வர வேண்டிய அவசியமே இல்லை. வயசான அப்பா அம்மா வீட்டில் இருக்கிறார்கள். மூச்சுத் திணறல் முற்றினால் தேனிக்கோ திண்டுக்கல்லுக்கோ கொண்டு போக வேண்டும், வத்தலகுண்டு வரைக்கும் வளைவு வளைவாக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் மலை இறங்கணும். அவர்கள் சொன்னது நியாயமில்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆனாலும் கத்தினோம்.

மண்டபத்தில் நடந்த எதுவும் என் மனசை மாற்றவில்லை. மாற்றினது காட்டேஜில் அறை கூட்டுகிற அக்கா. அவருக்கு ஐம்பது வயசு இருக்கும். வேலைக்கு மறுபடி வரச் சொல்லி நாயுடுபுரத்தில் அவர் வீட்டு வாசலில் நின்று, "சீக்கிரம் திறந்துடுவாங்கக்கா" என்று சந்தோஷமாகச் சொன்னேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்: "நீங்க சாவியைக் குடுப்பீங்க தம்பி. பெட்ஷீட்டை மாத்தப் போறது நான்தானே?"

அந்த மண்டபத்தில் பெட்ஷீட் மாற்றுகிற ஒருவருக்கும் நாற்காலி போடவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

செப்டம்பர் இரண்டாவது வாரம் பிரையண்ட் பூங்கா, ரோஜா தோட்டம் எல்லாம் திறந்தன, இ-பாஸ் வாங்கி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அக்காவோடு பேசி மூன்று ஏற்பாடு செய்தேன். ஒரு குடும்பம் காலி செய்தால் அறையை ஒரு நாள் பூட்டி வைப்பது, பெட்ஷீட்டை அவர்களே கழற்றிப் பையில் போட்டுவிட்டுப் போவது, அக்காவுக்கு வேலை நாள் குறைந்தாலும் சம்பளம் குறையாது. வருமானம் கிட்டத்தட்ட பாதியானது. துணியைவிடக் காற்றில்தான் ஆபத்து அதிகம் என்பது பிறகுதான் தெளிவானது. கிருமிநாசினிக்குக் கொட்டின காசுக்கு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாலே போதும். கொடைக்கானல் குளிரில் எந்த டூரிஸ்ட் ஜன்னலைத் திறப்பான் என்பது வேறு விஷயம்.

அந்த செப்டம்பரில் திறந்தது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். பாஸ் இருந்தது, கூட்டம் அளவாக இருந்தது, எங்களுக்கும் பயம் இருந்தது. தவறு அதற்குப் பிறகு. கிறிஸ்துமஸ், பொங்கல், பிப்ரவரி என்று போகப் போக மாஸ்க் தாடைக்கு இறங்கியது. நானும் ஒரு நாள் பூட்டி வைக்கிற வழக்கத்தை ஜனவரியில் விட்டுவிட்டேன். காலையில் காலி, மத்தியானம் அடுத்த ஆள். போன வருஷக் கடனை அடைக்கணுமே.

2021 ஏப்ரல் 6ஆம் தேதி சட்டமன்றத் தேர்தல். பிரசாரம் நடந்த வரைக்கும் எந்த மைதானத்திலும் யாரும் ஆறடி அளக்கவில்லை. ஓட்டுப்போட்ட இரண்டே வாரத்தில், ஏப்ரல் 20 முதல், இரவு ஊரடங்கு, ஞாயிறு முழு ஊரடங்கு, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் சுற்றுலாப் பயணிகள் வரத் தடை. மே மாதத்துக்கு வாங்கியிருந்த அட்வான்ஸை எல்லாம் திருப்பிக் கொடுக்கும்படி ஆனது. அதில் பாதியை ஏற்கெனவே செலவு செய்திருந்தேன்.

தடை வந்த நாலாவது நாள் அக்காவுக்குக் காய்ச்சல். தேனியில் ஒன்பது நாள் ஆக்ஸிஜனில் இருந்து பிழைத்து வந்தார். என் அறையில் தொற்றியதா, ரேஷன் கடை வரிசையிலா, மகன் ஓட்டுகிற வேனிலா, தெரியாது. எனக்குத் தோன்றுவது என்னவோ அந்த ஜனவரிதான்.

அதனால் தேதியைக் கேட்டால், முதல் தடவை ஆகஸ்டிலேயே பாஸோடு திறந்திருக்கலாம், இரண்டாம் தடவை மார்ச்சிலேயே குறைக்க ஆரம்பித்திருக்க வேண்டும் என்பேன். மூடச் சொன்னவர்கள் குத்தகைக்கும் தவணைக்கும் ஒரு வழி செய்திருந்தால் நாங்கள் அப்படிக் கத்தியிருக்கவே மாட்டோம். ரேஷன் கார்டுக்கு முதல் வருஷம் 1000 ரூபாய், அடுத்த வருஷம் இரண்டு தவணையாக 4000 ரூபாய் கொடுத்தார்கள். வீட்டு அடுப்புக்கு அது உதவியது, உண்மை. கடை வாடகைக்கு அதை வைத்து என்ன செய்ய?

2024 மே 7ஆம் தேதி இ-பாஸ் திரும்ப வந்தது. இந்தத் தடவை கொரோனாவுக்கு இல்லை, மலை தாங்காத அளவு வண்டி ஏறுகிறது என்று உயர் நீதிமன்றம் சொன்னதால். 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4000, சனி ஞாயிறில் 6000 வண்டிதான் என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். மறுபடி கூட்டம், மறுபடி சத்தம். நாற்காலிகள் மட்டும் பக்கத்தில் பக்கத்தில்.

அக்கா இப்போது மாடி அறைகளுக்குப் போவதில்லை, ஏறினால் மூச்சு வாங்குகிறது. கீழ் இரண்டு அறை மட்டும் பார்க்கிறார். பாஸ் விஷயத்தைச் சொன்னேன். "வண்டி குறைஞ்சா பெட்ஷீட்டும் குறையும். சம்பளத்தைக் குறைக்காம இருந்தா சரி" என்றார்.