மட்டக்களப்பில் ஒரு பகல்: வாவியோடு நடந்து, தெற்கு நோக்கிப் புறப்படுங்கள்

கொழும்பிலிருந்து இரவுப் புகையிரதத்தில் வந்து விடியற்காலையில் மட்டக்களப்பில் இறங்கி, அன்று மாலை அக்கரைப்பற்றுக்குப் பேருந்து ஏற வேண்டிய நீங்கள், இடையில் கிடைக்கும் பகற்பொழுதை 3,000 ரூபாய்க்குள் எவ்வாறு பயனுள்ளதாக்கலாம் என்றும், பாசிக்குடாவுக்குப் போய்வர நேரம் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் கல்லடியில் வசிப்பவன். பொத்துவில் பக்கம் போகிற நண்பர்களும் உறவினர்களும் இதே போல வழியில் இறங்குவது வழக்கமாதலால், அவர்களை அழைத்துக்கொண்டு நகரைச் சுற்றிய அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன்.

முதலில் பாசிக்குடா. வேண்டாம் என்பதே என் பதில். அது அழகில்லாத இடம் என்பதால் அல்ல. கடலுக்குள் நெடுந்தூரம் இடுப்பளவு நீரிலேயே நடந்து போகக்கூடிய அத்தகைய கரையை இலங்கையில் வேறெங்கும் எளிதில் காண முடியாது. ஆனால் அது நகரத்துக்கு வடக்கே 30 கிலோமீற்றருக்கும் கூடிய தொலைவில் இருக்கிறது. உங்கள் பயணமோ தெற்கே. போகவும் வரவும் காத்திருக்கவும் அரைநாள் கரைந்துவிடும், குளித்த உடையோடும் மணலோடும் மறுபடி பேருந்து நிலையத்தில் வந்து நிற்க வேண்டியிருக்கும். அதற்கென்று ஒரு முழு நாளை ஒதுக்கி வரும்போது போங்கள். அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத்துக்கும், 1913ஆம் ஆண்டில் கட்டப்பட்ட பாலமீன்மடு வெளிச்சவீட்டுக்கும் இதே காரணம் பொருந்தும். இரண்டும் தூரமில்லை, ஆயினும் எதிர்த்திசையில் இருப்பவை. குறுகிய நேரத்தில் ஓர் ஊரைப் பார்ப்பவருக்குப் பணம் செலவாவது பார்க்கும் இடத்தில் அல்ல, போன வழியே திரும்பி வருவதில்தான். ஆகவே வடக்கிலிருந்து தெற்காக, திரும்பி வராமல் நகர்ந்துகொண்டே போகும்படி உங்கள் பகலை அமைத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பின் நல்ல இடங்கள் பெரும்பாலும் வாவியை ஒட்டியே இருப்பதால் இது கடினமே இல்லை.

இந்த யோசனை முழுவதும் உங்கள் பையின் பாரத்தைப் பொறுத்தது. தோளில் மாட்டிக்கொண்டு நடக்கக்கூடிய சிறிய பை என்றால் நான் சொல்கிறபடி செய்யலாம். பெரிய பெட்டி இருந்தால், நகரில் தெரிந்தவர் வீட்டிலோ கடையிலோ வைத்துவிட்டுப் பிற்பகலில் வந்து எடுத்துக்கொள்ள நேரிடும். அப்போது திரும்பி வரும் ஓட்டோச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சில மணி நேரத்துக்காக விடுதியறை எடுப்பது உங்கள் தொகையில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். புகையிரத நிலையத்திலேயே முகம் கழுவி, உடை மாற்றிக்கொண்டு வெளியே வாருங்கள்.

விடிந்தும் விடியாத அந்த நேரத்தில் நிலைய வாசலில் ஓட்டோக்காரர்கள் கூப்பிடுவார்கள். ஏறத்தான் வேண்டுமென்றால் கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பேசாமல் ஏறிவிட்டு இறங்கும்போது வாதாடுவது இருவருக்கும் மனக்கசப்பு. என்னைக் கேட்டால் நடந்துவிடுங்கள் என்பேன். நகரின் மையம் நடக்கக்கூடிய தூரந்தான், காலையில் காற்றும் குளிர்ந்திருக்கும். கோட்டைமுனைப் பக்கத்தில் விடியற்காலையிலேயே திறந்துவிடும் சிறிய சாப்பாட்டுக் கடைகளில் ஒன்றில் அமர்ந்து இடியப்பமும் சொதியும் சம்பலும், அல்லது பிட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டு ஒரு பிளேன்டீயும் குடித்தால் மதியம் வரை தாங்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் முந்திய நாளின் வடையும் ரோல்சும் அடுக்கியிருக்கும் கடையைக் காட்டிலும், அடுப்பிலிருந்து ஆவி எழுகிற கடையைத் தேர்ந்தெடுங்கள். விலையும் அங்கேதான் பெரும்பாலும் குறைவாக இருக்கும்.

அடுத்து, பாலத்தைக் கடந்தால் புளியந்தீவு. பெயர் சொல்லும்படியே இது வாவி சூழ்ந்த ஒரு தீவு. பழைய நகரம் இதுதான். பாலத்தில் சற்று நில்லுங்கள். காலையில் வீச்சுவலைக்காரர்கள் கரையோரம் இடுப்பளவு நீரில் நிற்பார்கள். வலையின் ஒரு பகுதியை முழங்கையில் மடித்து, ஓர் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, உடலை ஒரு பக்கமாகத் திருப்பி வீசும்போது அது வட்டமாக விரிந்து, ஈயக்குண்டுகள் ஒரே நேரத்தில் நீரைத் தொடும் சத்தம் கேட்கும். இழுத்த வலையில் பெரும்பாலும் விரலளவு மீன்களும் ஓரிரு இறால்களும்தான் இருக்கும். என்னோடு வந்த ஒரு நண்பர் படம் எடுக்கத் தயங்கியபோது, கரையிலிருந்த பெரியவர் ஒருவர், “எடு மனே, எடு. வெயில் ஏறினாப் பிறகு இதெல்லாம் இருக்காது” என்றார். இந்த ஊரில் பழகாதவரையும் பிள்ளையாக்கிப் பேசும் அந்த ‘மனே’யை நீங்களும் அன்று பலமுறை கேட்பீர்கள்.

புளியந்தீவில் மூன்று இடங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கலாம். காந்தி பூங்காவும், பழைய நாட்களில் தோணிகளும் படகுகளும் வந்து அடைந்த மட்டக்களப்பு வாயிலும் அருகருகே இருக்கின்றன. அங்கே வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் சிலை நிற்கிறது. 1814இல் வந்து, அதே ஆண்டில் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரிக்கு வித்திட்டு, 1815இல் இங்கேயே இறந்தவர் அவர். ஓராண்டுக்குள் அவர் தொடங்கிவைத்த பள்ளி இருநூறு ஆண்டுகளைத் தாண்டி நடக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கும்போது அந்தச் சிலையை வெறும் சிலையாகக் கடந்து போக எனக்கு மனம் வருவதில்லை.

மூன்றாவது கோட்டை. இதற்குத் தாராளமாக ஒரு மணி நேரம் கொடுங்கள். பலர் இதை ஒல்லாந்தர் கோட்டை என்றே அழைத்தாலும், 1628இல் இதைக் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். 1638ஆம் ஆண்டு மே மாதத்தில், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் இதைக் கைப்பற்றினார்கள். இலங்கையில் போர்த்துக்கேயரிடமிருந்து அவர்கள் பறித்த முதற் கோட்டை இதுவே. அதற்கும் முன்னரே, 1602இல், ஒல்லாந்தக் கடற்தளபதி ஸ்பில்பேர்கன் கண்டி மன்னனைச் சந்திக்கப் புறப்பட்டபோது வந்திறங்கியதும் மட்டக்களப்புக் கரையில்தான். காலி, யாழ்ப்பாணக் கோட்டைகளின் பிரமாண்டத்தை இங்கே எதிர்பார்க்காதீர்கள். இது சிறியது: நான்கு மூலைகளிலும் கொத்தளங்கள், இரு பக்கம் வாவி, மற்ற இரு பக்கம் அகழி. ஆனால் கொத்தளத்தின் பக்கம் போய் வாவியைப் பார்த்தால், கடல்முகத்திலிருந்து வரும் எந்தப் படகும் இந்த முனையைத் தாண்டாமல் உள்நாட்டுக்குள் போக முடியாது என்பது சொல்லாமலே விளங்கும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் ஒரு வாவியின் கழுத்தில் இந்தச் சிறிய கோட்டையை ஏன் வைத்தார்கள் என்பதை எந்த வரலாற்று நூலையும்விட அந்த இடம் நன்றாகக் கற்பிக்கிறது. நெடுங்காலமாகக் கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகம் உள்ளிட்ட அரச அலுவலகங்கள் இயங்கிய இடம் என்பதால், வாசலில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே செல்வதே முறை.

நேரமிருந்தால் புளியந்தீவின் குறுந்தெருக்களில் புனித மரியாள் பேராலயத்தையும் பார்த்துவிடலாம். பதினொரு மணிக்குப் பின் வெயிலில் அலையாதீர்கள். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் நாட்களில் உடம்பிலுள்ள நீரெல்லாம் வற்றிவிடும். ஐப்பசி முதல் தை வரையிலோ மழை எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது, குடை அவசியம்.

மதியச் சாப்பாட்டில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். உங்கள் தொகையில் பாதியையாவது உணவுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். சோறு, பருப்பு, இரண்டு மரக்கறி, சுண்டல், மீன்குழம்பு என்று வரும் சாதாரணச் சாப்பாடு கையைக் கடிக்காது. அதோடு வாவி இறாலோ நண்டோ ஒரு கறியாகச் சேர்த்துக்கொண்டால் செலவு கூடும், ஆனால் கொழும்பில் அதே பணத்துக்கு இந்தச் சுவை கிடைக்காது. விலையை முதலில் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், அதில் வெட்கமில்லை. முடிவில் எருமைத் தயிர். மண்சட்டியில் உறையவைத்து, மேலே மஞ்சள் படிந்த ஆடையோடு இருக்கும் தயிரைக் கரண்டியால் வெட்டினால் கட்டியாகவே எழும். அதன்மேல் சர்க்கரையோ பாணியோ விட்டுச் சாப்பிடுங்கள். முழுச் சட்டி வாங்கிச் சுமக்க வேண்டாம், கடையில் கோப்பையிலும் தருவார்கள்.

வெயில் சற்றுத் தணிந்ததும் பேருந்து நிலையத்துக்கு நடந்து கல்முனைப் பக்கம் போகும் எந்தப் பேருந்திலும் ஏறி, கல்லடிப் பாலத்துக்கு முன்னரே இறங்கிவிடுங்கள். இலங்கைப் போக்குவரத்துச் சபைப் பேருந்தோ தனியார் பேருந்தோ, இந்தத் தூரத்துக்குக் கட்டணம் மிகச் சொற்பம். பாலத்தை நடந்தே கடவுங்கள். ஆங்கிலேயர் காலத்து ஒடுங்கிய இரும்புப் பாலத்துக்கு மனிங் சீமாட்டியின் பெயர் இடப்பட்டது. ஒரு பக்கத்து வாகனங்கள் போய் முடியும் வரை மறுபக்கத்தவை காத்து நின்ற காலம், 2013இல் ஜப்பானிய உதவியோடு புதிய பாலம் திறக்கப்பட்டதும் முடிவுக்கு வந்தது.

இந்த வாவியில் பாடுவதாகச் சொல்லப்படும் மீன்களைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். பகலில் அதற்காகப் படகு பிடித்துப் பணத்தை வீணாக்காதீர்கள். சித்திரை முதல் புரட்டாதி வரையான காலத்தில், நிலவு நிறைந்த அமைதியான இரவுகளில், படகை நடு வாவியில் நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறுமுனையைக் காதோடு சேர்த்துக் கேட்பதே மீனவர் வழக்கம். அந்த ஒலி மீனுடையதா, ஊரி என்ற நத்தையுடையதா என்ற விவாதம் இன்றும் தீரவில்லை. 1848இல் இங்கு வந்த எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரியும் படகில் போய்க் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். உங்கள் பயணம் பூரணையை ஒட்டி அமைந்து, ஓர் இரவு தங்க முடிந்தால் மட்டுமே அதை எண்ணிப் பாருங்கள்.

பாலத்தைக் கடந்தபின் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயமும் அதனோடு சுவாமி விபுலாநந்தரின் சமாதியும் இருக்கின்றன. 1929இல் அவர் நிறுவிய பள்ளி அது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக இருந்து, பழந்தமிழ் இசையை ஆராய்வதில் தம் இறுதி ஆண்டுகளைச் செலவிட்டு, 1947இல் மறைந்தவர். பள்ளி நேரமென்றால் வாசலில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். இதைப் பார்க்க வேண்டுமென்று நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அன்று மாலை உங்கள் பேருந்து கல்முனையைத் தாண்டியதும் கடந்து போகும் காரைதீவுதான் அவர் 1892இல் பிறந்த ஊர்.

அங்கிருந்து கிழக்கே நடந்தால் கல்லடிக் கடற்கரை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறி வந்த கரை இது. வடக்கே நாவலடி ஏறத்தாழ முற்றாக அழிந்தது, கரையோரத்துத் திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரம் சாய்ந்தது. இன்று மாலையில் குடும்பங்கள் வந்து அமர்ந்து கடலை கொறிக்கும் இடமாக மீண்டிருக்கிறது. அமர்ந்து இளைப்பாறுங்கள்; அலை வலுவானது, நீந்த இறங்காதீர்கள்.

ஐந்து மணிக்கு முன்பாகப் பிரதான வீதிக்கு வந்து மறுபடி தெற்கே பேருந்து ஏறினால் சில நிமிடங்களில் காத்தான்குடி. வீதியின் நடுவே வரிசையாக நிற்கும் பேரீச்ச மரங்களைக் கண்டதும் இறங்கலாம். பூர்வீக நூதனசாலை திறந்திருந்தால் பாருங்கள். இப்பகுதி முஸ்லிம் மக்களின் வாழ்க்கை அங்கே காட்சிப்படுத்தப்பட்டிருக்கிறது. தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல அடுத்தடுத்து வாழும் கரை என்று இந்த மாவட்டத்தைச் சொல்வார்கள். இடையில் கசப்பான காலங்கள் வந்து போனபோதும், தமிழரின் ஆரையம்பதிக்கும் முஸ்லிம்களின் காத்தான்குடிக்கும் இடையே ஒரு பேருந்துத் தரிப்பிடத் தூரம்கூட இல்லை என்பதை நீங்களே பார்ப்பீர்கள். இரவு உணவை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கொத்து ரொட்டியும் புரியாணியும் ஒருவர் பங்கு இருவருக்குப் போதுமானதாக இருக்கும். பாதியைக் கட்டித் தரச் சொன்னால் பயணத்துக்கும் ஆகும். போகும் வீட்டுக்கு எதையாவது கொண்டுபோக விரும்பினால் மஸ்கட், தொதல் என்ற இனிப்புகளில் ஒன்றை அரைக் கிலோ வாங்கலாம். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆ நேரத்தில் கடைகள் மூடியிருக்கும், ஆனால் மாலைக்குள் பெரும்பாலானவை திறந்துவிடும்.

அக்கரைப்பற்றுக்கு நேரடிப் பேருந்துக்காக நெடுநேரம் காத்து நிற்க வேண்டியதில்லை. கல்முனை என்று கூவி வரும் பேருந்தில் ஏறி அங்கே மாறிக்கொள்ளுங்கள். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று எல்லாவற்றுக்கும் அங்கிருந்தே பேருந்துகள் பிரியும். இருட்டிய பின் பேருந்துகள் குறைந்துவிடும் என்பதால் ஏழு மணிக்குள் காத்தான்குடியை விட்டுப் புறப்படுங்கள். ஏறும்போதே நடத்துநரிடம் கடைசிப் பேருந்தின் நேரத்தைக் கேட்டுவைத்தால், கல்முனையில் இறங்கி நிற்கும்போது பதற வேண்டியிராது.